சுடுமண்ணும் சத்தியமும்: எட்மண்ட் ஷார்ப்பின் ‘பானை ஆலயங்கள்’

ஆலயக் கட்டடக் கலையைப்பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பேராலயங்களையும் தலைநகரக் கலைஞர்களையுமே நினைவுகூருகிறோம். ஆயினும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழும்பிய ஆலயங்களுள் மிகப்பல, லண்டனுக்கு அப்பால் சிறு நகரங்களில் தொழில் நடத்திய கலைஞர்களின் கைவண்ணமாகும். அத்தகையோருள் ஒருவர் லங்காஸ்டர் நகரத்து எட்மண்ட் ஷார்ப் (1809–1877). அவர் அமைத்த ஆலயங்கள் பல. அவற்றுள் மூன்றை மட்டுமே இங்கு ஆராய விரும்புகிறோம். இம்மூன்றும் கல்லாலன்றிச் சுடுமண்ணால் எழுப்பப்பட்டவை. ஆகவே ‘பானை ஆலயங்கள்’ என்னும் கேலிப் பெயர் அவற்றுக்கு ஏற்பட்டது. இக்கேலி நியாயமானதா? நியாயமானதெனில் எவ்வளவிற்கு? இவ்வினா கட்டடக் கலைஞருக்கு மட்டும் உரியதன்று. தேவ ஆராதனைக்கு உரிய பொருளில் உண்மை எது, போலி எது என்பதைக் குறித்த வினா இது.

செஷயர் மாவட்டத்து நட்ஸ்ஃபோர்டில் பிறந்த ஷார்ப், கேம்பிரிட்ஜில் கல்வி பயின்று, பல்கலைக்கழகத்தின் பயண உதவித்தொகையால் 1832 முதல் 1835 வரை ஜெர்மனியிலும் பிரான்சிலும் இடைக்கால ஆலயங்களை ஆராய்ந்தார். அதன்பின் லங்காஸ்டரில் தொழில் தொடங்கினார். பழைய ஆலயங்களை அளந்து வரைவதில் அவருக்கிருந்த தேர்ச்சியை, அவர் பின்னர் வெளியிட்ட நூல்கள் காட்டுகின்றன. அவர் 1843இல் மணந்த எலிசபெத் ஃபிளெட்சரின் சகோதரரான ஜான் ஃபிளெட்சர், போல்டன் நகருக்கு அருகே நிலக்கரிச் சுரங்கம் நடத்தியவர். அச்சுரங்கத்தில் நிலக்கரிப் படலங்களோடு சேர்ந்து களிமண்ணும் கிடைத்தது. அக்களிமண்ணால் ஆலயமே கட்டலாம் எனத் துணிந்தார்கள் இருவரும்.

இவ்வாறு எழுந்ததே லீவர் பிரிட்ஜிலுள்ள பரிசுத்த ஸ்தேவான் மற்றும் சகல இரத்தசாட்சிகளின் ஆலயம் (1842–1845). சுவர், தூண், சாளரப் பின்னல் வேலை மட்டுமன்றி, உள்ளே பிரசங்க பீடமும் சுடுமண்ணே. இதனையடுத்து மான்செஸ்டரின் ரஷோம் பகுதியில் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1845–46இல் கட்டப்பட்டது. மூன்றாவதாகிய ஸ்காட்ஃபோர்த் பரிசுத்த பவுல் ஆலயமோ 30 ஆண்டுகள் கழித்து, 1874–76இல், லங்காஸ்டரை அடுத்து உருவாயிற்று.

செய்முறை எளியது. ஒரு மாதிரியை அமைத்து, அதிலிருந்து அச்சு எடுத்து, களிமண்ணை அதில் அழுத்தி, உலர்த்திச் சூளையில் சுடுவார்கள். ஒரே அச்சிலிருந்து எத்தனை பூமுடிச்சுகளையும் இலைவடிவங்களையும் வேண்டுமானாலும் எடுக்கலாம். கல்தச்சன் பல நாள் உளியோடு உழைக்க வேண்டிய சிற்பம் மிகக் குறைந்த செலவில் கிடைத்துவிடும். ஆனால், மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். சுருக்கம் சமமாயிராவிடின் கோடுகள் கோணும். மெல்லிய சாளரப் பின்னலில் இக்குறை எளிதில் புலப்படும்.

இவ்வாலயங்கள் எழுந்த காலமோ, ஆலயக் கட்டடத்தை ஒழுக்கநெறியின் தராசில் நிறுத்த காலம். கட்டடத்தின் அமைப்புக்கும் பயனுக்கும் தேவையற்ற எதுவும் அதில் இருத்தலாகாதெனப் பியூஜின் 1841இல் வெளியிட்ட நூலில் வாதாடினார். 1849இல் ஜான் ரஸ்கின், பொருளைப் பிறிதொன்றாகக் காட்டுவதும், கைவேலைக்குப் பதிலாக வார்ப்பு வேலையைப் புகுத்துவதும் வஞ்சனையே எனத் தீர்த்துரைத்தார். இத்தராசில் ஷார்ப்பின் முதல் இரு ஆலயங்களும் குறைவுள்ளவையாகவே காணப்படும்.

எனினும், இக்குற்றச்சாட்டில் இரண்டு வாதங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மண் மலிவானது. ஆதலால் ஆலயத்துக்குத் தகாது என்பது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. ஆதியாகமம் 11ஆம் அதிகாரத்தில் பாபேலைக் கட்டினவர்களும் சுட்ட மண்ணையே கல்லாகக் கொண்டனர் என்பது மெய்யே. ஆனால் அங்குக் கண்டிக்கப்பட்டது அவர்களுடைய செருக்கு, செங்கல் அன்று. அப்போஸ்தலனாகிய பவுல் சுவிசேஷப் பொக்கிஷத்தை வைப்பதற்கு மண்பாண்டத்தையே உவமையாக்கினார். சுரங்கமும் பஞ்சாலையும் சூழ்ந்த நாட்டில், காலடியில் கிடைத்த மண்ணைக்கொண்டு, அவ்வட்டாரத்துச் சூளையிலேயே வேகவைத்து ஆலயம் எழுப்பியதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ரஸ்கினே, மனிதக் கையால் உருவான சுடுமண் துண்டு, எந்திரம் அறுத்த கல்லைவிட மேலானது என்னும் கருத்துடையவர். ஆகவே அவருடைய அளவுகோலின்படியும் குற்றம் மண்ணில் இல்லை.

இரண்டாவது, மண் கல்லாக நடித்தது என்பது. இங்கேதான் ஷார்ப் தவறினார் என்று கருதுகிறோம். லீவர் பிரிட்ஜ் ஆலயத்துக்கு அவர் அமைத்த கூர்முனைக் கோபுரம், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பேராலயத்தை நினைவூட்டும் திறந்த பின்னல் வேலைப்பாடுடையது. கல்லை அதன் எல்லைவரை செதுக்கி மெலிவித்த தச்சனின் வெற்றி அவ்வடிவம். அதனை அச்சில் வார்க்கும்போது வடிவம் மட்டுமே வருகிறது, வெற்றி வருவதில்லை. இடைக்காலத் தச்சன் செதுக்கிய இலைகளுள் ஒன்றுபோல் மற்றொன்று இராது. அச்சிலிருந்து வந்தவையோ அனைத்தும் ஒன்றே. கண் விரைவில் சலிப்படைகிறது. அக்கோபுரம் இன்று இல்லை; 20ஆம் நூற்றாண்டில் அது இடித்து நீக்கப்பட்டது.

ஆயினும் இதனை வஞ்சனை என்று சொல்லலாமா? வஞ்சிக்கப்பட்டவர் யார்? ‘பானை ஆலயம்’ என்னும் பெயரே, எவரும் ஏமாறவில்லை என்பதற்குச் சான்று. எனவே ஷார்ப்பின் குற்றம் பொய்யுரையன்று, துணிவின்மையே. புதிய பொருளைக் கண்டுபிடித்தவர், அப்பொருளுக்குரிய புதிய மொழியைக் கண்டுபிடிக்கவில்லை. கல்லின் மொழியையே மண்ணின் வாயில் வைத்தார்.

இவ்வாறு கூறுவதற்குப் பிற்கால வரலாறு துணைநிற்கிறது. 1881இல் லண்டனில் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை ஆல்ஃபிரெட் வாட்டர்ஹவுஸ் உள்ளும் புறமும் சுடுமண்ணால் போர்த்தினார். மஞ்சளும் நீலச்சாம்பலுமான பட்டைகளில் மண்ணின் நிறத்தையே அவர் அலங்காரமாக்கினார். விலங்கும் பறவையும் செடியும் அச்சுகளில் வடிவம் பெற்றன. அதனைப் பானை என்று இகழ்வதற்கு இடமில்லை. ஏனெனில் அது தன்னை மறைக்கவில்லை. ஷார்ப்பும் தம் முதிர்வயதில் ஸ்காட்ஃபோர்த்தில் கூரிய வளைவையும் மெல்லிய பின்னலையும் விட்டு, உருண்டை வளைவும் கனத்த சுவருமுள்ள ரோமானெஸ்க் நடைக்குத் திரும்பினார். அந்நடை அக்காலத்தில் வழக்கொழிந்ததுதான். ஆனால் சுட்ட மண்ணின் இயல்புக்கு அதுவே நெருக்கமானது. முதல் இரண்டைவிட இம்மூன்றாவது ஆலயம் எளியது; எனினும், நம் கருத்தில், மூன்றினுள் அதுவே உண்மையானது.

இன்னொன்றையும் சொல்லாவிடின் இத்தீர்ப்பு நீதியாகாது. லங்காஸ்டர் நகரசபையில் 1841 முதல் பணியாற்றி, 1848–49இல் மேயராகவும் இருந்த ஷார்ப், நகரின் சாக்கடைச் சீர்திருத்தத்துக்காகவும் தூய குடிநீருக்காகவும் போராடியவர். சாக்கடையின் நாற்றத்தை மறைக்கும் அலங்காரம் எதையும் அவர் அங்குத் தேடவில்லை. உள்ளதை உள்ளபடி எடுத்துரைத்து, வேண்டியதைச் செய்வித்தார். 1875இல் அரச கட்டடக் கலைஞர் நிறுவனம் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. 1877இல் அவர் மிலான் நகரில் காலமானார். நகரசபையில் அவர் காட்டிய துணிவில் ஒரு பகுதியை லீவர் பிரிட்ஜிலும் காட்டியிருப்பாரானால், ‘பானை ஆலயம்’ என்பது இகழ்ச்சிப் பெயராக இராமல் புகழ்ப்பெயராகவே நிலைத்திருக்கும்.

நம்மில் பலர் ஆலயக் கட்டடக் குழுக்களில் அமர்ந்தவர்கள், இனி அமரப்போகிறவர்கள். நிதி குறைவாயிருப்பது நமக்குக் குற்றமாகாது. குறைந்த நிதியில் வாங்கிய பொருளை விலையுயர்ந்ததாகக் காட்ட முயல்வதே குற்றம். அருளுரைக்கும் இதே நியாயம் பொருந்தும். பெரியோரின் அச்சில் வார்த்த பிரசங்கம் செதுக்கிய கல்லைப்போலத் தோன்றலாம். ஆனால் சபையார் தட்டிப்பார்த்து அறிந்துகொள்வார்கள். நம்முடைய மண் எதுவோ, அதனையே கூச்சமின்றிச் சூளையிலிடுவோம்.