ஐந்து நொடிப் பலகை

மோட்டோகிராஸ் பந்தயம் தொடங்கும் இடத்தில் பதினைந்து நொடிப் பலகை இறங்கி, ஐந்து நொடிப் பலகை ஏறும்போது நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஹெல்மெட்டுக்குள் முகம் எங்கே தெரியப் போகிறது? தோளைத்தான் பார்ப்பேன். தோள் காதுவரை ஏறியிருந்தால் முடிந்தது கதை. ஹேண்டில்பாரைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடிப்பான். நாலு சுற்றுக்குள் முன்னங்கை கல்லாகி, பிரேக்கைப் பிடிக்கவும் விரல் வராது. இந்த ஆர்ம் பம்ப் கையில் வருகிற வியாதி என்று ஜிம்முக்கு அனுப்புகிறவர்களோடு எனக்கு ரொம்ப நாளாகச் சண்டை. அது பாதிக்குமேல் மனசில் ஆரம்பிக்கிறது.

சிறுசேரி சிப்காட்டைத் தாண்டி, மனை போடக் கொட்டி வைத்த செம்மண் மேடுகளில் ஞாயிறு காலையில் நாலைந்து பையன்கள் ஓட்டுவார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போகிறவர்கள் முறைத்துக்கொண்டே கடப்பார்கள். பந்தயத்தில் இருப்பதுபோலத் தொடக்கக் கேட் கிடையாது. இரண்டு பேர் மூங்கில் ஒன்றைக் குறுக்கே பிடித்து, திடீரென்று கீழே போடுவார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஒரு பழைய மெக்கானிக். அவர் பேசியதை ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“கண்ணு எங்கடா இருக்கு?”

“மூங்கில்லண்ணே.”

“மூங்கில்ல எங்க?”

பையன் கொஞ்சம் முழித்தான். “அந்தக் கணுவுல.”

“அவ்ளோதான். பக்கத்துல எவனும் இல்ல, அந்தக் கணு மட்டும்தான். மூச்சை வெளிய விடு.”

இவ்வளவுதான் பாடம். எத்தனையோ பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டேன், இவரைவிடச் சிக்கனமானவரைக் கண்டதில்லை. நிஜக் கேட் ஓட்டுபவன் பக்கமாகத்தான் விழும். அவசரப்பட்டு முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் கம்பி கீழே போகாது. முந்தியவன் நிற்பான், மற்றவர்கள் முதல் வளைவில் இருப்பார்கள். ஐந்து நொடிப் பலகைக்குப் பிறகு ஐந்திலிருந்து பத்து நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அந்த நேரத்தில் கணக்குப் போடுபவன் தோற்பான், பார்ப்பவன் ஜெயிப்பான். வாடிவாசல் ஓரம் நிற்கும் மாடுபிடி வீரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பந்தயத்தன்று காலையில் அந்த மெக்கானிக் புதிதாக எதுவும் சொல்லித்தர மாட்டார். டிராக்கை நடந்து பார்த்துவிட்டு வந்ததும், கண்ணை மூடி ஒரு சுற்று ஓட்டச் சொல்வார், கையில் ஸ்டாப்வாட்சோடு. வண்டியில் ஒரு நிமிஷம் ஐம்பது நொடி எடுப்பவன் மனசுக்குள் ஒன்றேகால் நிமிஷத்தில் முடித்தால், எங்கோ ஒரு வளைவை முழுங்கிவிட்டான் என்று அர்த்தம். அது அவன் பயப்படுகிற வளைவாகத்தான் இருக்கும்.

சோழவரம் ஓடுதளத்துப் பந்தயத்துக்குச் சின்ன வயதில் மாமா கூட்டிப்போனார். தார்ப் பந்தயம்தான். ஓட்டுநர் ஒருவர் கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவருக்குத் தலைவலியா மாமா?” என்றேன். “இல்லடா, அவர் ஓட்ட ஆரம்பிச்சுட்டார்” என்றார்.

மோட்டோகிராஸில் என் ஆள் ஸ்டீஃபன் எவர்ட்ஸ். நண்பர்கள் கார்மைக்கேல் கட்சி. 2002-இலும் 2004-இலும் அமெரிக்க அவுட்டோர் சீசனில் ஒரு மோட்டோகூடத் தோற்காதவர், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓட்டம் காட்டாறு. எவர்ட்ஸ் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று ஓட்டும்போது வண்டிதான் கீழே குதித்துக்கொண்டிருக்கும், மனிதர் அசையமாட்டார். 2003-இல் பிரான்சின் எர்னேயில் ஒரே நாளில் 125, மோட்டோகிராஸ் ஜிபி, 650 என்று மூன்று வகுப்பிலும் ஜெயித்தார். பத்து உலகப் பட்டம், 101 கிராண்ட் பிரீ வெற்றி எல்லாம் எனக்கு அப்புறம்தான். அந்த நாளை யோசித்துப் பாருங்கள். வண்டிக்கு வண்டி எடை வேறு, கிளட்ச் கடிக்கும் இடம் வேறு. ஒரு பந்தயத்தை ஜெயித்துக் கீழே இறங்கியதும் அதைத் துடைத்துப்போட்டுவிட்டு அடுத்த கேட்டுக்குப் போய் நிற்க வேண்டும். தோல்வியை மறக்கச் சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. வெற்றியை மறக்கச் சொல்லித்தருபவர் யார்?

நம்மவர்களிலும் அந்த நெஞ்சு உண்டு. சி.எஸ். சந்தோஷ் 2013-இல் அபுதாபி பாலைவனத்தில் வண்டி தீப்பிடித்து வெந்தவர். 2015-இல் டக்கார் ரேலியை முடித்த முதல் இந்தியராக, 36-ஆவதாக வந்தார். ஹாரித் நோவா 2024-இல் ரேலி 2 பிரிவில் முதலிடம், மொத்தத்தில் 11. இருவருமே நம் சூப்பர்கிராஸ் மண்ணில் விழுந்து எழுந்தவர்கள்.

இப்போதோ பந்தயத்துக்கு முன் வண்டிகள் நிற்கும் பேடாக்கில் கால் வைக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு, ரீல்ஸ் எடுக்க ஒருவன், போதாக்குறைக்கு வேலியைத் தாண்டி வந்து “விட்றாதடா, முறுக்குடா!” என்று கத்தும் அப்பா. சத்தம் போட்டால் வெறி ஏறும் என்கிறார்கள். ஏறும்தான், தோளும் கூடவே ஏறும்.

அப்பாமார்களே, பந்தயத்தன்று தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். மூங்கில் கணுவை அவன் பார்த்துக்கொள்வான்.