அயோவாவில் எழுதிய ஆறு கதைகள்

பெரும்பாலான எழுத்தாளர்கள் தங்கள் கல்லூரிக் காலத்துக் கதைகளை யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்வார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் 1964இல் இறந்தார். பதிப்பாசிரியர் ராபர்ட் ஜிரூ 1971இல் கொண்டுவந்த முழுத்தொகுப்பில் அவருடைய 31 கதைகளும் எழுதப்பட்ட வரிசையில் நிற்கின்றன. முதல் 6 கதைகள், அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறையில் படித்தபோது பட்டத்துக்காக 1947இல் அவர் ஒப்படைத்தவை. புத்தகத்தை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைத் தாண்டிப் புகழ்பெற்ற கதைகளுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஆறில்தான் ருசி அதிகம். எல்லாமே நல்ல கதைகள் என்பதால் இல்லை. இரண்டு சுமார் ரகம். ஒன்றைப் படித்தால் ஃபாக்னரின் நிழலில் உட்கார்ந்து எழுதியது போலிருக்கும். ஆனால் ஒரு மாணவிக்குத் தன் கை பிடிபடுவதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

1945இல் ஜார்ஜியா மாநிலத்து மில்லட்ஜ்வில் ஊரிலிருந்து இதழியல் படிக்கத்தான் அவர் அயோவாவுக்கு வந்தார். வயது 20. பட்டறையின் தலைவர் பால் எங்கிளைப் பார்க்கப் போய்ப் பேசினால், அவருடைய தெற்கத்திப் பேச்சு எங்கிளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. எழுதிக் காட்டச் சொன்னார். தன் பெயரையும், தான் இதழியல்காரி இல்லை என்பதையும், பட்டறையில் சேரலாமா என்ற கேள்வியையும் காகிதத்தில் எழுதி நீட்டினார் ஓ'கானர். இந்தக் கதையைச் சொல்லாத ஓ'கானர் கட்டுரை கிடையாது, நானும் சொல்லிவிட்டேன். இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, ஃபாக்னர், காஃப்கா, ஜாய்ஸ் என்ற பெயர்களையே அயோவாவுக்கு வந்தபிறகுதான் கேள்விப்பட்டதாகப் பின்னாளில் அவர் ஒரு கடிதத்தில் சொன்னது. உடன் படித்தவர்களில் பலர் போரிலிருந்து திரும்பிய ஆண்கள். கைவசம் அனுபவமும் உரத்த குரலும் உள்ளவர்கள். இவர் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். யாராவது அபத்தமாக எதையாவது சொன்னால் கூச்சத்தோடு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் என்று எங்கிள் நினைவுகூர்ந்திருக்கிறார்.

முதல் கதை 'ஜெரேனியம்'. 1946இல் 'ஆக்ஸன்ட்' என்ற இதழில் வந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் கதையும் இதுவே. தெற்கிலிருந்து நியூயார்க்கில் மகள் வீட்டுக்கு வந்து அடைபட்டுக் கிடக்கும் டட்லி என்ற கிழவர், எதிர்வீட்டு ஜன்னலில் தினமும் காலையில் வைத்து மாலையில் உள்ளே எடுக்கப்படும் ஜெரேனியம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதைப் பார்க்கும்போது ஊரில் போலியோ வந்த ஒரு பையனை வெயிலில் கொண்டுவந்து உட்காரவைப்பது அவர் நினைவுக்கு வருகிறது. மாடிப்படியில் தடுமாறும் அவரை, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கறுப்பினத்தவர் ஒருவர் கைபிடித்து ஏற்றிவிட்டு, முதுகில் தட்டி, நட்போடு பேசுகிறார். நிறவெறியிலேயே ஊறிய கிழவருக்கு அந்த அன்பு பெரும் அவமானம். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி கீழே சந்தில் விழுந்து, வேர் வெளியே தெரியக் கிடக்கிறது.

சுத்தமான வேலை. அதுதான் அதன் குறையும். வேரோடு பிடுங்கப்பட்ட கிழவர், வேரோடு விழுந்த செடி. குறியீட்டுக்கு மவுசு இருந்த காலத்து வகுப்பறையில் இந்தத் தொட்டிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். கதைக்கு எதிர்ச்சுவரில் வைத்த பொருள் அது. கிழவர் அதைத் தொடுவதில்லை, அதை வைத்து எதுவும் செய்வதுமில்லை. தேவைப்படும் நேரத்தில் அது சொல்லிவைத்தாற்போல் விழுகிறது.

இதை நான் துணிந்து சொல்லக் காரணம், ஓ'கானரே அதை விட்டுவைக்கவில்லை. இதே கதையைப் பின்னர் திரும்பத் திரும்ப எழுதினார். கடைசி வடிவம் 'தீர்ப்பு நாள்', மரணத்துக்குச் சில வாரங்கள் முன்புவரை கையில் வைத்திருந்த கதை. அதில் கிழவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், நியூயார்க் இருக்கிறது. தொட்டியைக் காணோம். அதற்குப் பதில் ஒரு மூக்குக்கண்ணாடி. பழைய நாளில் மர அறுவை இடத்தில் வேலை வாங்கிக்கொண்டிருந்த கிழவர் டேனர், கைநடுக்கம் தெரியாமலிருக்க எப்போதும் பேனாக்கத்தியால் மரப்பட்டையைச் சீவிக்கொண்டிருப்பார். வேலைக்கு வராமல் சண்டித்தனம் பண்ணிச் சுற்றிவரும் கோல்மன் என்ற கறுப்பினத்தவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று யோசிக்கும்போது, கை தன்பாட்டில் ஒரு கண்ணாடிச் சட்டத்தைச் செதுக்கி முடித்திருக்கிறது. வைக்கோல் கட்டும் கம்பியால் காது மாட்டி, கோல்மனிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். கோல்மன் போட்டுக்கொள்கிறார். கண்ணாடிச் சில்லே இல்லாத கண்ணாடி வழியாக என்ன தெரிகிறது என்று கேள்வி வருகிறது. பிறகு 30 ஆண்டுகள் இருவரும் ஒருவரையொருவர் விடவில்லை. யார் எஜமான், யார் ஆள் என்பது வரவரக் குழம்பிப்போகிறது.

அந்தக் கண்ணாடி எதையும் 'குறிக்க' வேண்டியதில்லை. இரண்டு பேரின் கைமாறி, அவர்கள் உறவைப் புரட்டிப் போட்டுவிடுகிறது. இந்த இரு பொருள்களுக்கும் நடுவில் 18 ஆண்டுகள். ஆனால் அந்த நகர்வு அயோவாவிலேயே தொடங்கிவிட்டது என்பதை மீதிக் கதைகள் காட்டிக்கொடுக்கின்றன.

'காட்டுப்பூனை' கதையைத்தான் ஃபாக்னரின் நிழல் என்றேன், அதைத் தாண்டிவிடலாம். 'முடிதிருத்துபவர்' கொஞ்சம் சுவாரசியம். தேர்தல் சமயத்தில் சலூன்காரரிடம் வாதத்தில் தோற்ற ஒரு கல்லூரி ஆசிரியர், வீட்டில் உட்கார்ந்து தன் கருத்தை அழகாக எழுதி எடுத்துக்கொண்டு வந்து கடையில் எல்லார் முன்னாலும் வாசிக்கிறார். எழுதியது எடுபடவில்லை. சிரிக்கிறார்கள். அவர் கையை ஓங்கிவிட்டு, முகத்தில் சோப்பு நுரையோடு தெருவில் ஓடுகிறார். வாராவாரம் கதையைப் பொதுவில் வாசித்துக் கிழித்துப் போடும் வகுப்பில் இருந்த ஒருவர் இதை எழுதினார் என்பது எனக்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

'பயிர்' என்ற கதைதான் ஆறில் என் செல்லம். அவர் உயிரோடு இருந்தவரை அச்சில் வரவே இல்லை. மிஸ் வில்லர்ட்டனுக்கு வீட்டில் ஒரே வேலை, காலை உணவு முடிந்ததும் மேசையில் சிந்திய துணுக்குகளைத் துடைத்தெடுப்பது. மற்றபடி அவள் எழுத்தாளர். எதைப் பற்றி எழுதலாம் என்று பொறுக்கிப் பார்க்கிறாள். வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடியானவன் என்று வந்ததும் கண் மின்னுகிறது. சமூக அக்கறையும் இருக்கும், கலையாகவும் இருக்கும். அவனுடைய நாயைப் பற்றி முதல் வாக்கியம் அடிக்கிறாள், ஓசை சரியாக இருக்கிறதா என்று கவலைப்படுகிறாள். சற்று நேரத்தில் குடியானவனின் மனைவியைப் போட்டுத்தள்ளிவிட்டுத் தானே கதைக்குள் இறங்கி அவனோடு குடித்தனம் நடத்த ஆரம்பிக்கிறாள்! முட்டை வாங்கிவரச் சொல்லி யாரோ கூப்பிடவும் கனவு கலைகிறது. கடைத்தெருவில் நிஜமான ஏழைத் தம்பதி ஒன்று எதிரே வரும்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது. வீட்டுக்கு வந்து, அந்தக் கதையைத் தூக்கிப்போட்டுவிட்டு அயர்லாந்துக்காரர்களைப் பற்றி எழுதலாம் என்று உற்சாகமாகிறாள்.

எழுத்து வகுப்பில் இருப்பவர்களுக்கு வரும் நோய்கள் அத்தனையும் இந்த ஒரு பெண்ணிடம் உண்டு. பட்டறைக்குள் உட்கார்ந்துகொண்டே பட்டறையைக் கேலி செய்யும் துணிச்சலைவிட, கேலியில் தன்னையும் சேர்த்துக்கொண்டிருப்பதுதான் அழகு. அதே காலத்தில் அவர் எழுதிவந்த பிரார்த்தனைக் குறிப்பேடு 2013இல் வெளியானது. நல்ல எழுத்தாளராக்கு என்று கடவுளிடம் கேட்கிறார், கதை நன்றாக வந்தால் அது தன் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாமலிருக்கவும் வேண்டுகிறார். கடைசிக் குறிப்பில் ஓட்ஸ் பிஸ்கட்டை அளவுக்கு மீறித் தின்றதை ஒப்புக்கொள்கிறார். தன்மேல் இவ்வளவு கறாரான கண் வைத்திருந்தவருக்கு, மிஸ் வில்லர்ட்டனை வெளியே தேட வேண்டியிருந்திருக்காது.

'வான்கோழி' ஒரு சிறுவனுடைய அகங்காரத்தைப் பற்றிய கச்சிதமான கதை. ஆறாவது 'ரயில்'. ஹேஸ் என்ற இளைஞன் இரவு ரயிலில் போகிறான். ரயில் பணியாளரைத் தன் ஊர்க்காரர் என்றே நம்புகிறான், அவர் மறுத்தும் விடுவதில்லை. மேல் படுக்கையில் ஏறிப் படுத்ததும் அது சவப்பெட்டியாகத் தோன்றுகிறது, செத்துப்போன அம்மா நினைவில் எழுகிறாள். ஜெரேனியம் போல எதிர்ச்சுவரில் எதையும் வைக்க வேண்டியிருக்கவில்லை. படுக்கைக்குள் அவன் உடம்பே மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதை பிறகு 'வைஸ் பிளட்' நாவலின் முதல் அத்தியாயமாக மாறியது. கதை ஹேஸின் எண்ணத்துக்குள்ளிருந்து தொடங்குகிறது. நாவலோ அவன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் கோணத்திலிருந்து தொடங்குகிறது. எதிர் இருக்கைப் பெண் அவனுடைய புது சூட்டின் கைப்பகுதியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் விலைச்சீட்டை எட்டிப் பார்த்து 11.98 டாலர் என்று படிக்கிறாள். அத்தோடு அவன் தராதரம் தெரிந்துவிட்டதாக அவளுக்குத் திருப்தி. நமக்கு ஒரே வீச்சில் இரண்டு பேரும் தெரிந்துவிடுகிறார்கள். மனதைச் சொல்லாமல் சட்டைக் கையைக் காட்டும் இந்த வித்தை, பின்னாளில் ஓ'கானரின் தனி முத்திரை.

பட்டத்துக்கான தொகுப்பை அவர் எங்கிளுக்குச் சமர்ப்பித்தார். அவருடைய அக்கறையும் விமர்சனமும் கதைகளை மேலாக்கின என்று சமர்ப்பணத்திலேயே எழுதினார். அது மரியாதைக்கு எழுதிய வாக்கியம் இல்லை என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு, எழுதத் தொடங்கியிருந்த நாவலுக்காக ரைன்ஹார்ட் பதிப்பகத்தின் 750 டாலர் பரிசு கிடைத்தது. 1949இல் அந்தப் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜான் செல்பி, நாவலின் போக்கு வழக்கத்துக்கு மாறாக இருப்பதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினார். விமர்சனத்தைக் கேட்டுக்கொள்ளத் தயார், ஆனால் தான் செய்ய நினைக்கும் காரியத்தின் எல்லைக்குள் நின்று பேசும் விமர்சனத்தை மட்டும்தான் என்று பதில் போட்டார் ஓ'கானர். நாவல் ரைன்ஹார்ட்டை விட்டு ஹார்கோர்ட் பிரேஸுக்குப் போய் 1952இல் வந்தது, கோணல் எதுவும் குறையாமல். செல்பிக்கு அந்தப் பதிலை எழுதியபோது அவருக்கு வயது 23.