முதல் அட்டைக்கு மட்டுமா மகுடம்?

கனடாவின் ஓ-பீ-ச்சீ நிறுவனம் 1979-80 ஐஸ் ஹாக்கிப் பருவத்துக்காக ஆட்டக்காரர்களின் படம் போட்ட 396 சேகரிப்பு அட்டைகளை வெளியிட்டது. அவற்றில் 18ஆம் எண், வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை. 175ஆம் எண், கோர்டி ஹோவ் களத்தில் இருந்தபோது அவருக்கு வந்த கடைசி அட்டை. இரண்டும் ஒரே தொகுப்பு, ஒரே நீல ஓரம். ஆனால் தரச்சோதனையில் பத்துக்குப் பத்து பெற்ற கிரெட்ஸ்கி அட்டை ஒன்று 2021இல் 37.5 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. ஹோவின் அட்டை அந்த விலையின் கிட்டேகூட வருவதில்லை. ஆட்டக்காரரின் முதல் அட்டையான 'ரூக்கி கார்டு'க்கே முதல் மரியாதை என்பது சேகரிப்பாளர்களின் எழுதாத சட்டம். அது எவ்வளவு தூரம் நியாயம்?

அதில் நியாயம் உண்டு. நட்சத்திர ஆட்டக்காரருக்குப் பல ஆண்டுகளில் பல அட்டைகள் வரும். எதைத் தேடுவது என்ற குழப்பத்துக்கு முதல் அட்டை ஒரு பொது அளவுகோல். அந்நாளில் புதுமுகத்தின் அட்டையைப் பின்னாளில் விலைபோகும் என்று பெரும்பாலோர் பத்திரப்படுத்தவில்லை. சிறுவர்கள் கையில் கசங்கியது போக மிஞ்சியது கொஞ்சம்தான். அதிலும் இந்தத் தொகுப்பின் நீல ஓரம் படாத பாடு படுத்தும். மூலை லேசாக உரசினாலே நீலம் உதிர்ந்து வெள்ளை அட்டை பல்லிளிக்கும். வெட்டிய விளிம்புகளும் பெரும்பாலும் சொரசொரப்பானவை. ஆகவே குறையற்ற பிரதி உண்மையிலேயே அரிது. ஓரத்தைச் சீவி ஏமாற்றுவதையும் போலிகளையும் தரச்சோதனை ஓரளவு தடுக்கிறது. வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் இந்த வழக்கம் தன் அடிப்படையிலேயே சறுக்குகிறது. முதல் அட்டை ஆட்டக்காரரின் தொடக்கத்தைக் காட்டுகிறதா? ஹோவ் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் ஆடத் தொடங்கியது 1946இல். அவருடைய ரூக்கி கார்டு என்று கொண்டாடப்படும் பார்க்ஹர்ஸ்ட் அட்டை வந்ததோ 1951-52இல். அதற்கு முந்தைய பருவத்திலேயே அவர் 86 புள்ளிகளுடன் வட அமெரிக்காவின் முதன்மையான என்ஹெச்எல் லீக்கில் முதலிடம் பிடித்துவிட்டார். அட்டை அச்சான தேதிதான் அங்கே 'தொடக்கம்' ஆகிறது, ஆட்டம் அல்ல.

இதைவிடப் பெரிய குறை, முதுமையின் உழைப்பு கணக்கில் வராமல் போவது. 25 பருவங்கள் ஆடி, மணிக்கட்டு வலியோடு 1971இல் ஓய்வுபெற்றவர் ஹோவ். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 1973இல் மகன்கள் மார்க், மார்ட்டி இருவருடனும் சேர்ந்து ஆட ஹூஸ்டன் ஏரோஸ் அணிக்கு வந்தார். அது என்ஹெச்எல்லுக்குப் போட்டியாக இருந்த டபிள்யூஹெச்ஏ லீக்கின் அணி. வந்த முதல் பருவத்திலேயே 100 புள்ளிகள் குவித்து, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வென்றார். 1979-80இல் ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸ் அணிக்காக மீண்டும் என்ஹெச்எல் களத்தில் இறங்கியபோது வயது 51.

பழைய பெயரை வைத்துக் கூட்டம் சேர்க்கும் உத்தி என்று இதை ஒதுக்க முடியுமா? சந்தேகம் எழுவது இயல்பு. எல்லா மூத்த ஆட்டக்காரர்களின் கடைசிப் பருவமும் பெருமைக்குரியதல்ல. ஆனால் ஹோவின் கணக்கு பதில் சொல்கிறது: அணியின் 80 ஆட்டங்களிலும் இறங்கினார், 15 கோல், 26 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்). இரண்டுக்கும் தலா ஒரு புள்ளி. அதே பருவத்தில் கிரெட்ஸ்கி எடுத்த 137 புள்ளிகளோடு இதை ஒப்பிட்டால் சிறியதுதான். ஐம்பதைக் கடந்த உடம்பு, தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களோடு முட்டி மோதிப் பெற்றது என்று பார்த்தால் இதற்கு ஈடு சொல்லக்கூடிய இன்னொரு பருவம் அந்த லீக்கில் இல்லை.

ஆகவே முதல் அட்டையின் விலையைக் குறைக்கச் சொல்வது என் வாதமல்ல. அந்த விலை காகிதத்தின் அருமைக்கும் நிலைக்கும் தரப்படுவது. அதை ஆட்டக்காரரின் மதிப்பாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. ஒருவர் என்ன ஆகப்போகிறார் என்பதை முதல் அட்டை அறியாது. எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்குக் கடைசி அட்டையே சாட்சி. ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சேகரிக்கிறோம் என்று சொல்பவர்கள் இரண்டுக்கும் இடம் தர வேண்டும்.