நான்கு மடங்கு புள்ளிகள்: கண்ணுக்குத் தெரிகின்றனவா?

தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடை ஒன்றில் நுழைந்து பாருங்கள். சுவர் முழுவதும் அகன்ற திரைகள். ஒன்றில் கிளியின் இறகு. இன்னொன்றில் பனித்துளி தாங்கிய செம்பருத்தி. "இது 4கே சார். அதோ, அது சாதா எச்.டி. வித்தியாசத்தை நீங்களே பாருங்க" என்கிறார் விற்பனையாளர். நீங்கள் திரைக்கு இரண்டடி தூரத்தில் நிற்கிறீர்கள். வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. ஆனால், வீட்டிலும் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டா படம் பார்க்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கடையில் எவரும் கேட்பதில்லை. பணம் கொடுப்பவர் நாம்; ஆகவே நாம் கேட்போம்.

முதலில் எண்கள். எச்.டி. திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சத்து 74 ஆயிரம் படப்புள்ளிகள். அல்ட்ரா எச்.டி. என்றும் 4கே என்றும் சொல்லப்படும் திரையில் குறுக்காக 3840, நெடுக்காக 2160. மொத்தம் 82 லட்சத்து 94 ஆயிரம். நான்கு மடங்கு என்ற விளம்பரம் பொய்யன்று. ஆனால் பெயரில் ஒரு சிறு சாமர்த்தியம் இருக்கிறது. எச்.டி.க்குப் பெயர் வைத்தபோது உயரத்தை எண்ணி 1080 என்றார்கள். அடுத்ததற்குப் பெயர் வைத்தபோது அகலத்தை எண்ணி நாலாயிரம் என்றார்கள். கேட்பவருக்கு ஆயிரத்திலிருந்து நாலாயிரத்துக்குத் தாவியது போலத் தோன்றும். எந்த ஒரு திசையில் எண்ணினாலும் புள்ளிகள் இரட்டித்திருக்கின்றன, அவ்வளவே.

இனி, கண். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் கறுப்புக் கோடுகளை, இடையே ஒரு மில்லிமீட்டர் விட்டு விட்டு, பத்துப் பன்னிரண்டு வரைந்துகொள்ளுங்கள். அதை நல்ல வெளிச்சத்தில் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னோக்கி நடங்கள். ஓரிடத்தில் கோடுகள் மறைந்து, தாள் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கண் மருத்துவர் '6/6' என்று எழுதித் தரும் பார்வை உடையவருக்கு அந்த இடம் சுமார் 3.4 மீட்டர், அதாவது பதினோரடி. அங்கிருந்து பார்க்கையில் ஒரு மில்லிமீட்டர் கண்ணில் ஏற்படுத்தும் கோணம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இதற்கு ஒரு கலை என்று பெயர். 1862-இல் நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் தம் எழுத்துப் பலகையை அமைத்ததே இந்த அளவை வைத்துத்தான்.

இதே கணக்கைத் திரைக்குப் போடுங்கள். 43 அங்குல எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். 55 அங்குலத் திரைக்கு அந்தத் தூரம் ஏழடி. 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. அந்த எல்லைக்கு அப்பால் இருப்பவருக்குக் கூடுதல் புள்ளிகளால் என்ன பயன்? 43 அங்குல 4கே திரையின் புள்ளிகள் அத்தனையையும் பிரித்துக் காண மூன்றடிக்குள் வர வேண்டும்.

நாம் எங்கே உட்காருகிறோம்? அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியாளர் பெர்னார்ட் லெக்னர் இதை ஆராய்ந்து, வீடுகளில் மக்கள் சுமார் ஒன்பதடி தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று கண்டார். 2004-இல் பி.பி.சி.யின் ஆய்வுப் பிரிவு பிரிட்டிஷ் வீடுகளில் விசாரித்தபோதும் 2.7 மீட்டர், அதே ஒன்பதடிதான் வந்தது. திரையின் அளவைப் பார்த்து எவரும் நாற்காலியை நகர்த்துவதில்லை போலும். அறையின் நீளமும் எதிர்ச் சுவரும் முடிவு செய்கிற காரியம் அது.

ஒன்பதடியில் 65 அங்குலத்துக்கும் எச்.டி.யே போதும் என்றல்லவா ஆகிறது! இங்கேயே நிறுத்திவிட்டு, '4கே என்பது ஏமாற்று' என்று தீர்ப்பு எழுதியவர்கள் பலர். அது அவசரத் தீர்ப்பு என்பேன். 6/6 என்பது ஆரோக்கியமான கண்ணுக்கு வைத்த அளவுகோலே தவிர, கண்ணின் உச்ச வரம்பு அன்று. இளம் வயதினர் பலர் அதைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்கள். மேலும், ஒரு நேர்கோட்டில் உள்ள சிறு முறிவைக் கண்டுபிடிப்பதில் நம் கண் அபாரத் திறமை உடையது. ஒரு கலையில் பத்தில் ஒரு பங்கு விலகலைக்கூட அது பிடித்துவிடும். சாய்வான கோடுகள் படிப்படியாகத் தெரிவது உறுத்துவது இதனால்தான்.

2025-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் மெட்டா நிறுவனத்தாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு புதிய எண்ணைத் தந்தது. பார்ப்பவரை நோக்கி முன்னும் பின்னும் நகரும் திரை ஒன்றை அமைத்து, நுண்ணிய கோடுகள் எங்கே மறைகின்றன என்று அளந்தார்கள். ஒரு பாகைக்கு 60 புள்ளிகள் என்பது பழைய கணக்கு. அவர்கள் கண்டதோ கறுப்பு வெள்ளையில் 94. சிவப்பு பச்சை வேறுபாட்டில் 89. மஞ்சள் ஊதாவில் 53 மட்டுமே. ஆகவே நாம் மேலே போட்ட தூரங்களையெல்லாம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். 43 அங்குலத்துக்கு எட்டே முக்கால் அடி. 55 அங்குலத்துக்குப் பதினோரடி. 65 அங்குலத்துக்குப் பதின்மூன்றடி.

இப்போது ஒன்பதடி நாற்காலிக்குத் திரும்புங்கள். 43 அங்குலம் வரை எச்.டி.யே போதும் என்பது இந்தப் புதிய கணக்கிலும் நிற்கிறது. 55 அங்குலத்தில் கூரிய கண்ணுக்கு, அசையாத படத்தில், சிறு எழுத்துகளில் வித்தியாசம் புலப்படும். 65-க்கு மேல் அதை மறுப்பது வீம்பு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆய்வகத்தில் காட்டியவை கூர்மையான கோடுகள். திரைப்படத்தில் வருபவை முகங்களும் மரங்களும். (மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் அதைத் துடைத்துக்கொண்டால் கிடைக்கும் கூடுதல் தெளிவு முற்றிலும் இலவசம்.)

படம் அசையும்போது நிலைமை இன்னும் வேறு. கிரிக்கெட் ஆட்டத்தில் கேமரா பந்தைத் துரத்திக்கொண்டு திரும்புகிறது. ஒரு பொருள் திரையின் அகலத்தை நான்கு வினாடியில் கடக்கிறது என்று கொள்வோம். வினாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அது 4கே திரையில் 16 புள்ளிகள் நகர்ந்திருக்கும். இன்றைய திரைகள் ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை அசையாமல் பிடித்து வைத்திருக்கின்றன. நம் கண்ணோ நிற்காமல் பொருளைப் பின்தொடர்கிறது. விளைவு, பொருளின் விளிம்பு 16 புள்ளி அகலத்துக்கு இழுபட்டு மங்குகிறது. எச்.டி. திரையில் 8 புள்ளி அகலத்துக்கு மங்குகிறது. அந்த எட்டும் இந்தப் பதினாறும் ஒரே அளவுத் திரையில் ஒரே அகலம்! வினாடிக்கு 24 படங்கள் ஓடும் திரைப்படத்தில் இந்த மங்கல் 40 புள்ளி. இதற்கு மருந்து படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. 2012-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அல்ட்ரா எச்.டி. தரத்தில் 120 வரை இடமும் இருக்கிறது. ஆனால் ஒளிபரப்பில் அதைக் காண்பது அரிது.

பெட்டிக்குள் வரும் சரக்கு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 4கே படத்துக்கு வினாடிக்கு 15 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். பழைய எச்.டி. புளூரே தட்டிலிருந்தோ படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை வரும். புதிய சுருக்கும் முறைகள் பாதிச் செலவில் அதே தரம் தருபவை. அந்த நியாயத்தைக் கொடுத்துவிடலாம். அப்படியும் இருட்டுக் காட்சிகளிலும் புகை மூட்டத்திலும் எது திட்டுத் திட்டாக உடைகிறது என்று பார்த்தால், புள்ளி குறைந்த தட்டு பலமுறை வெல்லும். அதோடு, டிஜிட்டல் கேமரா வந்தபின் எடுத்த பல திரைப்படங்கள் சுமார் 2000 புள்ளி அகலத்திலேயே முடிக்கப்பட்டு, பிறகு பெரிதாக்கப்பட்டவை. வேடிக்கை என்னவென்றால், 1962-இல் 65 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 2012-இல் புதுப்பிக்கப்பட்டபோது உண்மையான 4கே படமாக வந்தது.

அப்படியானால் கடையில் கண்ட பிரமிப்பு முழுக்க மாயையா? இல்லை. அது பெரும்பாலும் ஒளியும் நிறமும். சாதாரண எச்.டி. படம் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா உச்ச ஒளியை வைத்துத் தயாராவது. ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகள். எச்.டி.ஆர். எனப்படும் புதிய முறையில் உச்ச ஒளி 1000 கேண்டெலாவும் அதற்கு மேலும் போகும், படிகள் 1024. சூரியன் பட்ட தண்ணீர் தண்ணீராக மின்னுவது இதனால். இதைக் காண நெருங்கி உட்கார வேண்டியதில்லை. அறையின் கோடியிலிருந்தும் தெரியும். 2016-இல் வந்த எச்.டி.ஆர். தரத்தில் 1920-க்கு 1080 அளவும் அனுமதிக்கப்பட்டே இருக்கிறது. அதாவது இந்த ஒளிக்கும் 4கே புள்ளிகளுக்கும் கட்டாய உறவு ஏதுமில்லை. வணிகம்தான் இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டி, புள்ளியின் பெயரால் விற்கிறது. போதாக்குறைக்கு, மலிவான பெட்டிகளில் எச்.டி.ஆர். என்ற முத்திரை இருக்கும். 300 கேண்டெலாவைத் தாண்டும் விளக்கு இருக்காது. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய எண் இதுதான். புள்ளிக் கணக்கை அவர் தாமாகவே சொல்வார்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 43 அங்குல எச்.டி. பெட்டியைப் புள்ளிகளுக்காக மட்டும் மாற்றுவதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை.

இதற்குள் 8கே என்ற அடுத்த படியும் வந்துவிட்டது. ஜப்பானின் என்.எச்.கே. 2018 டிசம்பர் 1-ஆம் நாள் 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது. 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள். வார்னர் பிரதர்ஸ் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையில், 139 பேரை 88 அங்குலத் திரை முன் உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல் 4கேயையும் 8கேயையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மிகக் கூரிய பார்வையுடன் முன் வரிசையில் இருந்தவர்களுக்குச் சற்றே தெரிந்தது. முன் வரிசை போடப்பட்டிருந்தது திரையிலிருந்து ஐந்தடியில்.