கன்றுக்கு எவ்வளவு மண்புழு உரம்?

திண்டுக்கல் சமவெளியில் மரக்கன்று வளர்ப்பவர்கள் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது செம்மண்ணோடுதான். வேடசந்தூர், நத்தம், சாணார்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் சத்தும் கரிமமும் குறைந்த செம்மண்ணே அதிகம். அதை அப்படியே பாலித்தீன் பையில் நிரப்பிப் பூவாளியால் சில நாள் தண்ணீர் விட்டால் மேற்பரப்பு ஏடு கட்டி இறுகிவிடும். பிறகு விடும் தண்ணீர் நடுவில் இறங்குவதில்லை. பையின் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே வெளியேறிவிடும். மேலே ஈரம் தெரியும், வேர் இருக்கும் இடம் வறண்டு கிடக்கும். நடவு நாளில் பையைக் கிழித்தால் மண் செங்கல்லாக இறுகியிருக்கும். மணலை அதிகம் கலந்திருந்தால் பொலபொலவென உதிர்ந்து சல்லிவேர் எல்லாம் வெளியே தெரியும். இரண்டுமே கன்றுக்குக் கேடு.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு என்பது நாற்றங்கால்களில் நெடுங்காலமாக இருந்துவரும் கலவை. வீட்டுக்கு வீடு மாடு குறைந்து, நன்றாக மட்கிய எரு கிடைப்பது அரிதான பிறகு, தொழு உரத்தின் இடத்துக்கு மண்புழு உரம் வந்திருக்கிறது. இந்த மாற்றம் சரியானது என்றே நினைக்கிறேன். புழுவின் குடல் வழியே வந்த எச்சம் சிறுசிறு உருண்டையாக இருக்கிறது. தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, அதே நேரம் உருண்டைகளுக்கு நடுவே காற்றும் நுழைகிறது. செம்மண் ஏடு கட்டுவதை இந்த அமைப்பே தடுக்கிறது. அரைகுறையாக மட்கிய சாணத்தைப் பையில் போட்டால் அது உள்ளே மட்கும்போது சூடு கிளம்பும், தழைச்சத்தையும் நுண்ணுயிர்களே இழுத்துக்கொள்ளும், கன்று வெளிறிப்போகும். முறையாகத் தயாரான மண்புழு உரத்தில் இந்தத் தொல்லை இல்லை. இதில் உள்ள ஹியூமிக் அமிலங்களும் வளர்ச்சி ஊக்கிகளும் இளவேரைத் தூண்டுகின்றன என்பதற்கும் ஆய்வு ஆதாரம் உண்டு.

ஆனால் எவ்வளவு கலப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ் குழுவினர் தக்காளி, செண்டுமல்லி போன்ற செடிகளைத் தொட்டிக் கலவையில் வளர்த்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். கலவையின் மொத்தக் கன அளவில் 10 முதல் 40 சதவீதம் வரை மண்புழு உரம் இருந்தபோதுதான் வளர்ச்சி சிறப்பாக இருந்தது. அதற்கு மேல் கூட்டினால் பலன் அதற்கேற்பக் கூடவில்லை, சில வேளை குறைந்தது. அவை வேகமாக வளரும் தோட்டச் செடிகள். வேம்பு, இலுப்பை, புங்கன் போன்ற வறள்நிலத்து மரங்களுக்கு அந்த அளவின் கீழ்ப்பகுதி போதும் என்பது என் கணிப்பு: பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு.

ஏன் இந்தக் கட்டுப்பாடு என்றால், மண்புழு உரத்தில் உப்பும் உண்டு. மாட்டுச் சாணத்தில் இருந்த பொட்டாசியம், சோடியம் உப்புகள் எடை குறையக் குறையச் செறிவாகின்றன. திண்டுக்கல் நகரைச் சுற்றிப் பல கிணறுகளில் தண்ணீரே உப்பு. உப்புத் தண்ணீரை உப்புள்ள கலவையில் ஊற்றி, நிழல்வலையின் கீழ் ஆவியாகவிட்டால் இலையின் நுனியும் விளிம்பும் கருகும். அதைச் சத்துக் குறைபாடு என்று நினைத்து இன்னொரு கைப்பிடி உரம் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

உப்பைவிட எனக்குக் கவலை தருவது கன்றின் பகட்டு. வாங்குபவர்கள் உயரத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். உரம் கூடினால் தண்டு நீளும், இலை அகலும், வேர் அதற்கு ஈடுகொடுக்காது. இந்தச் சமவெளியில் நடவு வடகிழக்குப் பருவமழையை நம்பி நடக்கிறது. அக்டோபர், நவம்பரில் நட்ட கன்று ஜனவரிக்குப் பிறகு கிட்டத்தட்டத் தனியாக நின்று, 40 டிகிரியைத் தொடும் சித்திரை வெயிலைத் தாண்ட வேண்டும். இலை நிறைய, வேர் கொஞ்சம் என்று வளர்த்த கன்று மாசியிலேயே துவண்டுவிடும். ஆகவே நடவுக்கு முந்தைய ஒரு மாதமாவது உரத்தையும் நிழலையும் நிறுத்தித் தண்ணீரையும் குறைத்துக் கன்றைக் கெட்டிப்படுத்துவது, பையில் என்ன கலந்தோம் என்பதைவிடப் பெரிய விஷயம். அதைச் செய்யும் பண்ணைகளில் கன்று பார்வைக்குக் குட்டையாக இருக்கும், விற்பனையில் தோற்கும். குறை வாங்குபவரின் அளவுகோலில்தான் இருக்கிறது.

எல்லா மரத்துக்கும் ஒரே கலவை என்பதும் சரியல்ல. புங்கன், வாகை போன்ற பயறு இனங்கள் வேர்முடிச்சில் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைத் தாங்களே தேடிக்கொள்ளும். பையிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு குறைகிறது. மணிச்சத்து மிகுந்த கலவையில் வேர் உட்பூசணமும் வேரில் சரியாகக் குடியேறுவதில்லை. காட்டில் வறண்ட மண்ணில் மணிச்சத்தையும் நீரையும் எட்டிப் பிடிக்க அந்தப் பூசணம்தான் கன்றுக்குத் துணை. தேக்கும் மலைவேம்பும் உரத்துக்கு நன்றாக ஈடுகொடுப்பவை, அவற்றுக்குச் சற்றுக் கூட்டலாம்.

அடுத்து, புழுவைப் பற்றிய ஒரு நம்பிக்கை. உரத்தோடு புழுவையும் குழியில் விட்டால் அது நிலத்தை உழுதுகொடுக்கும் என்று கூட்டங்களில் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். 1881-ல் சார்லஸ் டார்வின் மண்புழுவைப் பற்றி எழுதிய நூலில், ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண்ணைப் புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று கணக்கிட்டார். அது வளை தோண்டி மண்ணுக்குள் வாழும் புழுக்களின் வேலை. நம் தொட்டிகளில் வளர்க்கும் ஐசீனியா ஃபெட்டிடாவும் ஆப்பிரிக்கப் புழு என்கிற யூட்ரிலஸ் யூஜினியேவும் குப்பைப் படுகையில் வாழ்பவை. சாணமும் ஈரமும் இருக்கும்வரை பெருகும். காய்ந்த செம்மண்ணில் விட்டால் சில நாளில் எறும்புக்கோ மைனாவுக்கோ வெயிலுக்கோ இரையாகும். மண்ணைத் துளைத்து வாழும் நம்மூர்ப் புழு லாம்பிட்டோ மாரிட்டி. சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுக்களை வாங்குவதைவிட இதையும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸையும் போன்ற உள்ளூர்ப் புழுக்களைப் பயன்படுத்த வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே, காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் கார்மேகமும் திலகவதி டேனியலும் லாம்பிட்டோ மாரிட்டியையும் பெரியோனிக்ஸ் சிலனென்சிஸையும் வெவ்வேறு கழிவுகளில் வளர்த்துப் பார்த்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இவ்வளவு அருகில் நடந்த வேலை இங்குள்ள பண்ணைகளில் இன்னும் அதிகம் பேசப்படாதது வருத்தம் தருகிறது.

தரத்துக்கு வருவோம். புழு எதைத் தின்கிறதோ அதுதான் உரம். தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல்லுக்குக் கொடுத்த பிழைப்பும் பெரிது, விட்டுச்சென்ற சுமையும் பெரிது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் ஆலைகளால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இடம்பெற்றது. அந்த ஆலைகளின் குரோமியக் கழிவு கலந்த வாய்க்கால் மண்ணிலிருந்தோ அங்கு மேய்ந்த மாட்டுச் சாணத்திலிருந்தோ உரம் செய்தால், புழு குரோமியத்தை அழித்துவிடாது. குப்பை மட்கி எடை குறையும்போது குரோமியம் அப்படியே நிற்பதால் கிலோவுக்கு அதன் அளவு கூடத்தான் செய்யும். ஒரு பகுதி புழுவின் உடலிலும் ஏறும். உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 50 மில்லிகிராம் குரோமியம். மூட்டையில் அச்சடித்த தழை, மணி, சாம்பல் சத்து விவரத்தைப் படிக்கிறவர்கள் இந்த ஒரு எண்ணையும் கேட்க வேண்டும்.

களை விதையும் இதே கதைதான். குவித்து மட்கவைக்கும் கம்போஸ்ட் 55, 60 டிகிரி சூடேறிப் பெரும்பாலான விதைகளை அவித்துவிடும். புழு அந்தச் சூட்டில் பிழைக்காது என்பதால் மண்புழுத் தொட்டி குளிர்ச்சியாகவே இருக்கிறது. சீமைக் கருவேல நெற்றைத் தின்ற மாட்டின் சாணத்தில் அந்த விதை முழுசாக வரும். 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் அதில் பெரும்பகுதி தங்கிவிடும், பார்த்தீனியமும் கீரை விதையும் நழுவிப் பைக்குள் போய்விடும். சாணத்தைப் புழுவிடம் கொடுப்பதற்கு முன்பு குவித்து, சூடேற விட்டு, இரண்டு வாரமாவது ஆறப்போடுவது இதற்கு நல்ல வழி. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இந்த வேலைதான்.

நடவுக் குழிக்குள் கிலோக் கணக்கில் மண்புழு உரம் போடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியிலிருந்து ஏறத்தாழ 120 கிலோ மண் வெளியே வரும். அதில் 2 கிலோ உரம் என்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. தழைச்சத்து ஒன்றரைச் சதவீதம் என்று வைத்தால் 30 கிராம், யூரியாக் கணக்கில் 65 கிராம். கன்றுக்கு அது நல்ல ஊட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மண்ணைத் திருத்திவிட்டோம் என்று நினைப்பது பிழை. நம் வெயிலில் அந்தக் கரிமத்தின் பெரும்பகுதி ஓரிரு ஆண்டில் எரிந்து போகும். குழி மண்ணும் அமுங்கிப் பள்ளமாகும், கன்றின் கழுத்து மண்ணுக்குள் புதையும். வேரோ குழியைவிட்டு வெளியே, உரமே காணாத செம்மண்ணுக்குள் போயாக வேண்டும்.

பல குழிகளுக்கு இப்படி உரம் வாங்கும் பணத்தில் கண்மாய்க் கரம்பை ஒரு டிராக்டர் வாங்கலாம். செம்மண்ணுக்கு ஈரம் தாங்கும் களித்தன்மையைக் கரம்பை கொடுக்கும், அது எரிந்து போகிற பொருளும் இல்லை. மண்புழு உரத்தை வைத்தே ஆக வேண்டும் என்றால் குழியில் புதைக்காமல், மழைக்காலத்தில் கன்றைச் சுற்றி மேலாக வைத்து, அதன்மேல் நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை, கொழிஞ்சி, கரும்புத் தோகை என்று கிடைத்ததைப் போட்டு மூட வேண்டும். மூடாக்கின் கீழ் ஈரம் நின்றால் உள்ளூர்ப் புழு அழைக்காமலே வரும். வந்துவிட்டதை மழைக்குப் பின் காலையில் மேலே கிடக்கும் மண்ணுருண்டைகளே காட்டும். குழியைத் துளைத்துச் சுற்றுமண்ணோடு இணைக்கும் வேலையை அந்தப் புழுதான் செய்யும்.

2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. அதற்கு எத்தனையோ கோடிக் கன்றுகள் வேண்டும், அவற்றில் ஒரு பகுதி ஊரக வேலைத் திட்டத்தில் நடக்கும் ஊராட்சி நாற்றங்கால்களில் வளர்கிறது. அதே ஊராட்சியில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாகச் சேர்க்கும் ஈரக்குப்பை மண்புழு உரமாகிறது. இந்த இரண்டு கொட்டகைகளும் பல ஊர்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இயங்குகின்றன: உரம் விற்காமல் தேங்கியிருக்கும், நாற்றங்கால் வெளியிலிருந்து உரம் வாங்கும். குப்பை உரத்தில் கண்ணாடித்துண்டும் பாலித்தீன் கிழிசலும் இருப்பதால் நாற்றங்காலில் அதைத் தொட யோசிக்கிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. கண்ணாடியும் பாலித்தீனும் ஈரக்குப்பையில் சேராமல் வீட்டு வாசலிலேயே பிரிய வேண்டும். தூய்மைக் காவலருக்கு நல்ல கையுறையும் சல்லடையும் தர வேண்டும். ஒவ்வொரு தொகுதி உரத்திலும் ஒரு கைப்பிடி எடுத்து உப்புநிலையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ மண் பிடிக்கும் பைக்கு நூறு கிராம் உரம் போதும், ஆயிரம் கன்றுக்கு 100 கிலோ. சிறிய ஊராட்சியின் தொட்டிகூட அந்த அளவைச் சில மாதத்தில் கொடுத்துவிடும்.