வில்லடிப் பதிவுகளுக்கு எம்பி3 போதுமா?

கோயில் கொடைக்காலம் வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டில் வில்லடி என்கிற வில்லுப்பாட்டு கேட்காத ஊர் குறைவு. சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ முத்துப்பட்டன் கதையோ, காப்புப் பாடித் தொடங்கினால் மணிக்கணக்கில் போகும். பந்தலில் இருப்பவர்களில் பலர் கைபேசியில் பதிந்துகொண்டிருப்பார்கள். பதிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அண்ணாவி (குழுவின் தலைமைப் பாடகர்) பாடிய கதையை இன்று தேடிப் போனால், கையில் கிடைப்பது பெரும்பாலும் ஓர் எம்பி3 கோப்புதான். எந்த ஊர்க் கொடை, எந்த வருடம், யார் பாடியது என்ற விவரமெல்லாம் உதிர்ந்துபோய், 'டிராக் 03' என்ற பெயரோடு வரும்.

இந்த நிலைக்கு மருந்தாக இழப்பில்லாச் சுருக்கம் பேசப்படுகிறது. பழைய கேசட்டுகளை அந்த வகையைச் சேர்ந்த ஃபிளாக் (FLAC) கோப்புகளாக மாற்றிவிட்டால் வில்லுப்பாட்டைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முறையால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் அதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

வில்லுப்பாட்டின் சொல் ஓரளவு காப்பாற்றப்பட்டுவிட்டது. அ.கா. பெருமாள் போன்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் ஏடுகளைத் தேடி எடுத்துக் கதைப்பாடல்களைப் பதிப்பித்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் இறுதியில் இங்கே தங்கிக் கொடைகளில் பதிவு செய்தார். அவற்றை அடித்தளமாகக் கொண்ட அவருடைய நூல் 1988இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கியது. வில்லிசைக்கு அது ஒரு நிலையான மேடையானது. பிறகு கேசட் வந்தது. மைக் செட்டுக்காரரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு கம்பி இழுத்து, 60 நிமிடம் அல்லது 90 நிமிடம் ஓடும் நாடாவில் பிடிப்பார்கள். நாடாவைப் புரட்டிப் போடுகிற நேரத்தில் கதையில் நாலைந்து அடி ஓடிவிடும். அந்தக் கேசட்டைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று என்று படியெடுக்க எடுக்க இரைச்சல் ஏறும். 2000க்குப் பின் எம்பி3 குறுந்தகடு, மெமரி கார்டு, யூடியூப். சொல்லைத் தாளில் சேர்த்த அளவு கவனத்தோடு ஓசையை நாம் சேர்க்கவில்லை.

எம்பி3யைக் குறைசொல்லும் முன் அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். குறுந்தகட்டின் தரத்தில் இரு தட ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை. 128 கிலோபிட் எம்பி3 அதைப் பதினொன்றில் ஒரு பங்காக்கிவிடுகிறது. ஆறு மணி நேரக் கதை ஏறத்தாழ 350 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பம்பாயிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிற குமரிக்காரர்கள் தங்கள் ஊர்க் கொடையின் பாட்டைக் கேட்க முடிந்தது இந்தச் சிக்கனத்தால்தான். காப்புரிமைகளும் 2017இல் காலாவதியாகிவிட்டன. இன்று எந்தக் கருவியும் அதைப் பாடவைக்கும். பரப்புவதற்கு எம்பி3 நல்ல வடிவம். 256, 320 கிலோபிட்டில் எடுத்தால் மூலத்துக்கும் அதற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது நல்ல காதுகளுக்கே கடினம்.

சிக்கல், 128க்கு இறங்கும்போது வருகிறது. அதுவும் வில்லடியில் கூடுதலாக வருகிறது. எம்பி3, காது கவனிக்காது என்று கணக்கிடுகிற ஒலியை விட்டுவிடும். உரத்த ஒலியின் நிழலில் மெல்லிய ஒலி மறையும் என்பது அதன் அடிப்படை. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், பக்க இசையே இல்லாத சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் மனிதக் குரல் சிதையாமல் இருக்கும்படி முறையைச் செம்மைப்படுத்தினார். குரலில் அது தேறியதும் அதனால்தான். வில்லடியில் அண்ணாவியின் குரல் மட்டுமா இருக்கிறது? வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் கோத்த மணிகள் குலுங்கும். உடுக்கு நறுக்கென்று வெடிக்கும். ஜால்ரா சிணுங்கும். மட்டையடி பட்ட குடம் அடியில் 'தொம்' என்று நிற்கும். நான்கில் மூன்று, சட்டென்று எழுந்து உச்சத்தைத் தொட்டு அடங்குகிற ஓசைகள். எம்பி3க்கு மிகவும் சங்கடம் தருவது இந்த வகை ஓசைதான். ஒலியை அது சிறு சிறு துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. துண்டின் நடுவில் திடீரென ஓர் அடி விழுந்தால், சுருக்கத்தால் வரும் பிழை துண்டு முழுவதும் பரவி, அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். காஸ்டனெட் என்ற ஸ்பானிய மரச்சிப்பிக் கருவியின் ஒலியை வைத்து இந்தக் குறையைச் சோதிப்பது பொறியாளர்களிடையே நெடுநாள் வழக்கம். நம் மணியும் உடுக்கும் அதே இனம்.

இழப்பைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள், 128 கிலோபிட்டில் எடுத்த ஒரு வில்லுப்பாட்டு எம்பி3யை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, அலைவெண் படத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். கீழே குரலும் குடமும் அடர்ந்த பட்டைகளாகத் தெரியும். மேலே ஏறினால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் படம் பெரும்பாலும் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். அதற்கு மேல் மணிகளின் பளபளப்பு இருந்திருந்தால், அது இப்போது இல்லை. சாமியாடிக்கு அருள் வரும் கட்டத்தில் உடுக்கும் மணியும் ஒன்றாக வேகம் கூட்டும்போது, இந்தக் கோப்புகளில் அவை தனித்தனியாகக் கேட்காமல் சலசலவென்று ஒரே ஓசையாகக் கலங்கிவிடுகின்றன. ஆட்டம் தூக்குகிற இடம் அதுதான். பதிவு கைவிடுகிற இடமும் அதுவாக இருப்பதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஃபிளாக் வேறு வழியில் போகிறது. ஜோஷ் கோல்சன் 2000இல் தொடங்கிய இந்த வடிவத்தின் முதல் முழுப் பதிப்பு 2001இல் வந்தது. அலையின் அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று முந்தைய எண்களைப் பார்த்து அது கணிக்கும். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுருக்கமாகக் குறித்துவைக்கும். திறக்கும்போது அதே கணிப்பைச் செய்து வித்தியாசத்தைக் கூட்டினால், மூலம் ஓர் இம்மி பிசகாமல் திரும்பக் கிடைத்துவிடும். கோப்பின் அளவு மூலத்தில் ஏறக்குறைய பாதியாகவோ பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். கட்டணம் இல்லை, உரிமம் வாங்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் இணையத் தரநிலையாகவும் அது முறைப்படி வெளியிடப்பட்டுவிட்டது. நாளை அதன் மென்பொருள்கள் அத்தனையும் மறைந்தாலும், அந்த ஆவணத்தைப் படித்து ஒருவர் புதிதாக எழுதிக்கொள்ளலாம். 1990களின் இறுதியில் இணையத்தில் தமிழ்ப் பாடல்கள் ரியல் ஆடியோ வடிவில் குவிந்து கிடந்தன; இன்று வழக்கமான கருவிகள் பலவற்றில் அவை திறப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கும் வடிவத்தை நம்பிக் காப்பகம் கட்டக் கூடாது என்பதற்கு அது போதும்.

காப்பகத் துறையின் பெரியவர்கள் ஃபிளாக்கைச் சொல்வதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், சுருக்கமே இல்லாத பிராட்காஸ்ட் வேவ் கோப்பாக வைக்கச் சொல்கிறது. எளிமையான வடிவம் நீண்ட நாள் நிற்கும் என்பது அவர்கள் வாதம். அதில் பலம் உண்டு. வேவ் கோப்பில் ஒரு பிட் கெட்டால் அந்த இடத்தில் ஒரு 'டிக்' கேட்கும், அவ்வளவுதான். ஃபிளாக்கில் கெட்டால், வழக்கமான அமைப்பில் 4,096 மாதிரிகள் கொண்ட ஒரு சட்டகமே, அதாவது நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு போகும்.

இருந்தும் நாகர்கோவிலில் ஒரு வீட்டிலோ, ஒரு வில்லிசைக் குழுவின் அலுவலறையிலோ வைக்கப்படும் சேகரிப்புக்கு நான் ஃபிளாக்கையே சொல்வேன். வேவ் கோப்பு கெட்டால், அந்த இடத்தைக் கேட்டுப் பார்க்கும்வரை கெட்டது யாருக்கும் தெரியாது. ஃபிளாக் கோப்பு, உள்ளிருக்கும் ஒலியின் கைரேகையைத் தன்னோடே சுமக்கிறது. ஒரே கட்டளையில் நூறு கோப்புகளையும் சோதித்து, எது கெட்டது என்று கண்டுபிடித்து, இன்னொரு வட்டிலிருந்து நல்ல பிரதியை எடுத்துக்கொள்ளலாம். வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இரு தடமாகப் பதிந்தால் இரண்டு மணி நேரத்திலேயே அந்த வரம்பு வந்துவிடும்; விடிய விடிய நடக்கும் கதையை மூன்றாக வெட்ட வேண்டியிருக்கும். வரம்பைத் தாண்டும் புது வகைகள் உண்டுதான், எல்லா மென்பொருளும் அவற்றை ஏற்பதில்லை. இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. பிராட்காஸ்ட் வேவில் விவரம் எழுதும் பகுதி ஆங்கில எழுத்துக்கு மட்டுமே இடம் கொடுக்கிறது. ஃபிளாக்கின் குறிப்புகள் யூனிகோடு. கதையின் பெயர், கோயில், ஊர், அண்ணாவி, குடம் அடித்தவர், கொடை நாள் அத்தனையையும் தமிழிலேயே கோப்புக்குள் எழுதலாம். கோப்பு எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். பெயர் தொலைந்த பாட்டு பாதிப் பாட்டு என்பதை எம்பி3 காலத்திலேயே பார்த்துவிட்டோம்.

இனி ஃபிளாக்கின் போதாமைகள். முதலாவது, அது நல்லதையும் கெட்டதையும் ஒரே பக்தியோடு காப்பாற்றும். பழைய கேசட்டின் 'உஸ்' என்ற இரைச்சல் கணிக்கவே முடியாதது. கணிக்க முடியாததைச் சுருக்கவும் முடியாது. அதனால் நாலாம் தலைமுறைக் கேசட் ஒன்றை 24 பிட்டில் எடுத்தால், கோப்பின் கணிசமான இடத்தை இரைச்சலே நிரப்பும். இதைத் தெரியாமல் 96, 192 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போவது வீண். கொடைக் கேசட்டுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளம். சுருக்காமல் ஒரு மணிக்கு ஒரு ஜிகாபைட், ஃபிளாக்கில் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

இரண்டாவது, போலி ஃபிளாக். எம்பி3யை எடுத்து ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பல மடங்கு பெரிதாகும், பெயரில் 'லாஸ்லெஸ்' என்று ஒட்டிக்கொள்ளலாம், போன மணியோசை திரும்பாது. கருப்பட்டியைக் கரைத்தால் இனிப்பு வரும், அக்கானி (பதநீர்) வராது. நல்ல எண்ணத்தோடுதான் பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் பின்னால் வருகிறவர் அதை மூலம் என்று நம்பி, உண்மையான கேசட்டைத் தேடாமல் விட்டுவிடுவார். மாற்றியவர் அதைக் குறிப்பில் எழுதிவிட்டால் பாதிக் கேடு தீரும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பெரிய இழப்புகள் கோப்பு வடிவத்துக்கு முன்பே நடந்துவிடுகின்றன. பழைய கேசட்டைப் பாடவைக்கும் டேப் ரெக்கார்டரில், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் ஓரத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். நாடா பதிவான கோணமும் ஹெட்டின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் மேல் ஓசைகள் மங்கிவிடும். மணிக் குலுக்கல் வருகிற ஓரிடத்தைப் பாடவிட்டு, அந்தத் திருகை இம்மி இம்மியாகத் திருப்பினால், ஒரு புள்ளியில் மணிகள் சட்டென்று தெளியும். ஹெட்டைத் துடைத்து, இந்தத் திருகைச் சரிசெய்யச் செலவிடும் சில நிமிடங்கள் கொடுக்கும் லாபத்தை எந்தக் கோப்பு வடிவமும் கொடுக்காது. குமரி, இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். பூஞ்சை பிடித்த நாடாக்களைப் பாடவிடுவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு எடுத்த ஃபிளாக், மங்கலான பதிவின் பிசகில்லாத பிரதி, அவ்வளவே.

இன்றைய கைபேசிப் பதிவுகளுக்கும் இதே விதிதான். பல கைபேசிகள் பதியும்போதே சுருக்கிவிடுகின்றன; சில, பேச்சைத் தெளிவாக்குவதாகக் கருதி மணியையும் ஜால்ராவையும் இரைச்சல் என்று அமுக்கிவிடுகின்றன. குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்று எடுத்தால் உடுக்கு கிழிந்துதான் கேட்கும். பதிவுச் செயலியில் வேவ் என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள், மைக் செட்டின் மிக்சரிலிருந்து ஒரு கம்பி கேட்டு வாங்குங்கள். யூடியூபில் ஏற்றுவதைச் சேமிப்பு என்று எண்ண வேண்டாம். அங்கே போகிற ஒலி மறுபடி சுருக்கப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும்.

இழப்பில்லாச் சுருக்கத்தின் இடம் மூலப் பிரதியில். கேட்கவும் பகிரவும் எம்பி3 தாராளமாக இருக்கட்டும். பகிர்ந்த பிரதியே ஒரே பிரதியாகிப் போனதுதான் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த தவறு.

உங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவோ தாத்தாவோ பதிந்துவைத்த கொடைக் கேசட் இருந்தால், எம்பி3 ஏற்கெனவே இருக்கிறதே என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழுதில்லாத டேப் ரெக்கார்டரும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இன்னும் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, ஹெட்டைச் சரிசெய்து, 24 பிட் ஃபிளாக்காக எடுத்து, பாடியவர் பெயரைத் தமிழில் எழுதி, இரண்டு வட்டில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்துவையுங்கள்.