பெயர்ப்பும் உடைமையும்: ‘டூம்’ பற்றிய ஒரு நோக்கு

1993இல் வெளியான ‘டூம்’ என்னும் கணனி விளையாட்டு 4 மெகாபைற்று நினைவகத்தை வேண்டி நின்றது. 2022இல் அது, 264 கிலோபைற்று நினைவகமே உடைய றாஸ்பெரி பை பிக்கோவில், வீட்டிலேயே பொருத்தத்தக்க விளையாட்டுக் கருவிக்கெனப் பெயர்க்கப்பட்டது. கருவியின் சிறுமையை வியப்போர் பெயர்ப்பின் நேர்மையைக் கவனிப்பதில்லை. விளையாட்டுடன் வரும் மாதிரியாட்டப் பதிவுகளில் இருப்பவை காட்சிகளல்ல, ஆடியவரின் விசையழுத்தங்களே. கணக்கீடு ஓரிடத்திற் பிசகினும் வீரன் சுவரில் முட்டி நிற்பான். அவை வழுவாது ஓடவேண்டும் என்பதைப் பெயர்த்தவர் தமக்கு நிபந்தனையாக வகுத்துக்கொண்டார். இத்துணைக் கடுமையான உரைகல் இலக்கிய மொழிபெயர்ப்பாளருக்கு வாய்த்ததில்லை (வாய்க்காதது அவர்தம் நற்பேறு போலும்). எனினும் உடைமை பற்றிய வினாவை நாம் தவிர்த்தல் இயலாது. மூலநிரல் 1997இல் வெளியிடப்பெற்று, 1999இற் பொது உரிமத்தின்கீழ் வந்தது. படங்களும் களங்களும் இன்றும் நிறுவனத்தின் உடைமையே. முதற் பாகம் மட்டுமே இலவசமாகப் பகிரத்தக்கது. கருவியைத் தம் கையாற் செய்தோரும் எஞ்சிய பாகங்களை விலைகொடுத்தே பெறவேண்டியுள்ளது.